திரைக்குப் பின்னிருந்து கல்வி

அமெரிக்காவில் குடியேறி வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலிருந்து சில காலமாக ஒரு வினா வந்தவண்ணம் இருக்கிறது. அங்குள்ள அரசுப் பள்ளி நிர்வாகமே நடத்தும் இணையவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, வீட்டில் இருத்திப் படிக்க வைக்கலாமா? மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது? கேட்பவர்களில் பலர் 'ஆகும்', 'ஆகாது' என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்க்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் அடங்குகிற விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த ஏற்பாடு இன்னதென்று விளங்கிக்கொள்வோம். 'பள்ளி மாவட்டம்' என்றதும் நம் ஊர்க் கலெக்டர் ஆளும் மாவட்டத்தை நினைத்துவிட வேண்டாம். அந்நாட்டில் பள்ளிகளை நடத்துவது மத்திய அரசாங்கம் அன்று. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் தனித்தனியே நடத்துகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை உண்டு. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளுக்குக் கல்வி இலவசம். இவற்றுள் சில மாவட்டங்கள் கட்டடப் பள்ளிகளோடு இணையவழிப் பள்ளியும் நடத்துகின்றன. இது புத்தம் புதிய சரக்கு அன்று. ஃபுளோரிடா மாநிலம் 1997லேயே தொடங்கிவிட்டது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் பூட்டப்பட்ட பிறகுதான் வீட்டுக்கு வீடு இதை அறிந்தார்கள். கதவுகள் திறந்த பின்பும் சில மாவட்டங்கள் இதை நிரந்தரமாக வைத்துக்கொண்டன.

இதில் சேரும் பிள்ளை அரசுப் பள்ளி மாணவனாகவே இருக்கிறான். ஆசிரியர் அரசுச் சான்று பெற்றவர். மாநிலத் தேர்வு உண்டு. ஊனமுற்ற பிள்ளையாயின் சட்டப்படி கிடைக்க வேண்டிய தனி உதவியும் உண்டு. பெற்றோரே ஆசிரியராகி வீட்டிலேயே கற்பிக்கும் முறை வேறு. தனியார் கம்பெனிகள் அரசுப் பணம் வாங்கி நடத்தும் இணையப் பள்ளிகள் வேறு. இந்த மூன்றாவது வகையில் எச்சரிக்கை தேவை. ஒஹாயோ மாநிலத்தில் 'எலெக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ' என்ற பள்ளி, படித்ததற்கு ஆதாரம் காட்ட முடியாத மாணவர்களுக்கும் அரசுப் பணம் பெற்றதாக அரசு கண்டு, திருப்பிக் கேட்டது. 2018 ஜனவரியில், ஆண்டின் நடுவிலேயே, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தரத்தில் நிற்க அது மூடப்பட்டது. இவ்வகைப் பள்ளிகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் 2015ல் வெளியிட்ட அறிக்கை, அங்கே படித்தவர்கள் ஓராண்டில் கணக்குப் பாடத்தில் 180 நாள் அளவுக்குப் பின்தங்கியதாகக் கணித்தது. அந்நாட்டின் பள்ளி ஆண்டே 180 நாட்கள்தாம்! மாவட்டம் நடத்தும் பள்ளியை இதோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஆயினும் 'திரையில் கற்றாலும் அதே கல்விதானே' என்று அலட்சியமாகச் சொல்வோர் இந்த எண்ணைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

நம்மவர்கள் இதை நாடுவதற்குக் காரணங்கள் உண்டு. டிசம்பரில் நியூயார்க், நியூஜெர்ஸி பக்கங்களில் நான்கரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஷாஃபிஈ கணக்கில் இரண்டேகால் வாக்கில் அஸர் வந்துவிடுகிறது. லுஹரின் நேரம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கழிந்துவிடும். பாடம் இல்லாத இடைவேளையில் மாணவன் தொழுதுகொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது என்பதை நம்மவர்களில் பலர் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை; கேட்டால் ஒரு மூலை கிடைக்கும். ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்கக் கூச்சம் இருக்கத்தானே செய்யும்! முக்காடு அணிந்த பெண் பிள்ளை கேலிக்கு ஆளாவதும் உண்டு. வகுப்பில் வைக்கப்படும் சில கதைப் புத்தகங்களைப் பற்றிய கவலை இன்னொன்று. மேரிலாந்து மாநிலத்து மாண்ட்கோமரி மாவட்டத்தில் முஸ்லிம்களும் பிற சமயத்தாருமான பெற்றோர் தொடுத்த வழக்கில், அப்படிப்பட்ட புத்தகங்கள் படிக்கப்படும்போது முன்கூட்டியே பெற்றோருக்கு அறிவித்து, வேண்டாதவர்களின் பிள்ளைகளை விலக்கிவைக்க வேண்டும் என்று, வழக்கு முடியும் வரைக்குமான தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 27ல் வழங்கியது. ஆக, இந்த ஒன்றுக்காகவே பள்ளியைத் துறக்க வேண்டிய நெருக்கடி முன்போல் இல்லை. கடைசியாக, குர்ஆனை மனனம் செய்ய விரும்பும் பிள்ளைகள். காலை ஃபஜ்ருக்குப் பின் மூன்று மணி நேரம் ஓதிவிட்டுப் பிறகு பள்ளிப் பாடம் படிக்க இந்த ஏற்பாடு வசதி தருகிறது.

இவற்றுள் அச்சத்தால் வருவதையும் ஆசையால் வருவதையும் நாம் பிரித்தறிய வேண்டும். உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரக நெருப்பினின்றும் காத்துக்கொள்ளுங்கள் என்னும் கருத்துள்ள அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் 6வது வசனத்தையே பெற்றோர் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த 'காத்தல்' என்பதற்கு ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் தந்த விளக்கம், அவர்களுக்கு ஒழுக்கத்தையும் அறிவையும் கற்பியுங்கள் என்பதாகவே தஃப்ஸீர்களில் வந்துள்ளது. ஒளித்துவையுங்கள் என்று அவர்கள் விளக்கவில்லை. பிள்ளையை வீட்டில் இருத்திவிட்டோம் என்பதனால் காத்துவிட்டோம் என்று ஆகாது. பள்ளிப் பாடத்துக்காக முன்னால் விரித்துவைத்த அதே கம்ப்யூட்டரில், வகுப்பறையின் பத்து மடங்கு தீமை ஒரு விரல் தூரத்தில் இருக்கிறதல்லவா?

திரை வழியே கற்பது கற்றலாகுமா என்பது நம் முன்னோர்களுக்குப் புதிய பிரச்சினை அன்று. திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒருவர் ஹதீஸ் சொன்னால் அதைக் கேட்டு அறிவிக்கலாமா என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். குரல் இன்னாருடையதென்று உறுதியாகத் தெரிந்தால் ஆகும் என்பதே பெரும்பாலோர் முடிவு என்று ஹிஜ்ரி 643ல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் திரைக்கு இப்பாலிருந்துதானே எத்தனையோ பேர் கற்றார்கள்! கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கோசையை வைத்தே ஸஹரை முடித்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் இங்கே சான்றாகக் காட்டப்படுகிறது; இருளில் முகம் தெரியாவிட்டாலும் குரலை நம்பினார்கள். ஆனால் பஸராவின் பேரறிஞர் ஷுஃபா (ரஹ்) அவர்களோ, முகம் காணாதவரிடமிருந்து அறிவிக்காதே, ஷைத்தான் அவர் உருவில் வந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்ற கருத்தைச் சொன்னார்கள். இக்காலத்தில் எந்திரங்களே மனிதக் குரலிலும் முகத்திலும் பேசத் தொடங்கிவிட்ட பிறகு, ஷுஃபா (ரஹ்) அவர்களின் எச்சரிக்கை எவ்வளவு தொலைநோக்குடையது என்று நமக்கு வியப்பாக இருக்கிறது.

ஆகவே, செய்தி வந்து சேருவதற்குத் திரை தடை அன்று. ஆனால் அங்கே பேசப்பட்டது செய்தியைப் பற்றி. ஒழுக்கத்தைப் பற்றி அன்று என்பது கவனிக்கத்தக்கது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைச் சிறுவயதில் தலைப்பாகை கட்டி அனுப்பிய தாயார், ரபீஆ (ரஹ்) அவர்களிடம் போய் அவர்தம் அறிவுக்கு முன்பாக அவர்தம் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள் என்று சொல்லியனுப்பியதாக வரலாறு. ஆசிரியர் கோபத்தை விழுங்குவதை, கேள்விக்கு விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்வதை, ஏழை மாணவனுக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தாலன்றி பிள்ளை எங்ஙனம் கற்பான்? சண்டையிட்ட தோழனோடு மறுநாள் ஸலாம் சொல்லி உட்காரும் பழக்கம் எந்தத் திரையில் வரும்? அரசுப் பள்ளி ஆசிரியர் முஸ்லிம் அல்லவே என்பர் சிலர். பொறுமையும் நேர்மையும் உள்ள மாற்றுச் சமயத்து ஆசிரியரிடம் அவற்றைக் கண்டு கற்க மார்க்கம் தடை சொல்லவில்லை.

எனவே கட்டடத்தை விட்டு விலகும் பிள்ளைக்கு, அங்கே கிடைத்த மனிதர் கூட்டம் வேறெங்கே கிடைக்கப்போகிறது என்பதே நம் முதல் கேள்வி. பள்ளிவாசலும் மதரஸாவும் நடந்து போகும் தூரத்தில் இருந்து, நாளும் ஓர் உஸ்தாதின் முன் முழந்தாளிட்டு ஓதும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு நன்மையாகலாம். ஹிஃப்ழுக்காக ஓரிரு ஆண்டுகள் இப்படிச் செய்வதை நாம் விரும்பவே செய்கிறோம். நாற்பது மைலுக்கு அப்பால் பள்ளிவாசல், தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைக்கு வயது எட்டு என்றால் நாம் வேண்டாம் என்றே சொல்வோம்.

தாய்மார்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று இத்தகைய பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. முடிவெடுப்பவர் தந்தை, ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்காருபவர் தாய். சமையலும் கைக்குழந்தையும் அவருக்கே. அவரிடம் கேளாமல் விண்ணப்பத்தை நிரப்பும் கணவர் அவர்மீது சுமத்துவது சிறு சுமை அன்று.

மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மகளை மட்டும் திரையின் முன் உட்கார வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மக்களில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த நன்கொடைக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்ட நிகழ்ச்சியை, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மகளின் தேவை வேறாக இருந்து, அவளே விரும்பினால் குற்றமில்லை. வெறும் கௌரவத்துக்காகவென்றால் அது அநீதம்.

அமானிதத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுப் பரீட்சையில் பிள்ளைக்குப் பதிலாகத் தாயோ மூத்தவனோ விடை எழுதுவதும், பிள்ளை தூங்கும்போது தந்தை உள்நுழைந்து வருகைப் பதிவு செய்வதும், வேறு மாவட்டத்து இடத்துக்காக மாமாவின் வீட்டு முகவரியைத் தம் முகவரியென்று எழுதித் தருவதும் நடக்கின்றன. பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களின் வரிசையில் எண்ணிய மார்க்கத்தில், தொழுகையைக் காப்பதற்காக என்று சொல்லி இதைச் செய்ய எப்படித் துணிகிறோம்? பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

ஜும்ஆ விஷயத்திலும் ஏமாற வேண்டாம். ஆசிரியர் நேரலையில் பாடம் நடத்தும் பள்ளியாக இருந்தால், வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வகுப்பு இருந்தாலும் இருக்கும். வீட்டில் இருந்தும் ஜும்ஆ இல்லை என்றாகிவிடும். பருவமடையாத சிறுவனுக்கு அது கடமை அன்று. பதினைந்து வயதுக்காரனுக்குக் கடமை. ஆகவே வாராந்தர நேர அட்டவணையைச் சேருமுன் எழுத்தில் வாங்கிப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் நேரலை, எத்தனை மணி நேரம் பிள்ளை தானாகப் படிப்பது, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், இடையில் கட்டடப் பள்ளிக்குத் திரும்ப எப்போது இடம் தருவார்கள் என்று கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு இந்தப் பள்ளி இருக்குமா என்றும் கேட்க வேண்டும். கொரோனாக் கால மத்திய உதவி நிதிக்கு 2024 செப்டம்பரோடு கெடு முடிந்துவிட்டது. பள்ளியில் இலவச மதிய உணவு உண்ணும் பிள்ளையாயின் அதற்கு என்ன வழி என்பதையும் விசாரிக்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்படுகிற குடும்பங்கள் உண்டு.

பிள்ளையிடம் கேட்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அல்லாஹ்வின் கட்டளை கனவில் வந்த பிறகும், உன் கருத்து என்ன என்று மகனிடம் கேட்டவர் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள். பள்ளிக்கூடம் கட்டளையும் அன்று. பதின்மூன்று வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, எதற்காக இப்படி நினைக்கிறோம் என்று மறைக்காமல் சொல்லி, அவன் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, ஓராண்டுக்கு மட்டும் என்று முடிவு செய்து, ரமளான் முடிந்ததும் மறுபடி மூவரும் உட்கார்ந்து பேசுவது என்று நாள் குறித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக்கான சேர்க்கையை எப்போது முடிக்கிறார்கள் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொண்டால், அந்தப் பேச்சு காலம் கடந்ததாக ஆகாது.