ஏவுதலும் உடனிருத்தலும்

ஒரு வேலையை இன்னொன்றிடம் ஒப்படைத்துவிட்ட பிறகு அந்த வேலையில் நமக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வி பழையது. அரசனுக்கும் பண்ணையாருக்கும் மட்டுமே உரியதாக இருந்த இந்தக் கேள்வி இன்று ஒரு மேஜைக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருக்கிற எவனுக்கும் உரியதாகிவிட்டது. வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில், ஆட்டோபைலட்டைக் கையாளக் கற்றுக்கொள்கிறவனை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இது விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. விளையாட்டுதான். ஆனால் ஏவுவது என்ற செயலை, அதன் மீது படிந்துவிட்ட அதிகாரம், கௌரவம், சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் உரித்துவிட்டு, தனியாகப் பார்க்க இதைவிடச் சுத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கருவியைப் பற்றி. மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982இல் வந்தபோது திரையில் இருந்தவை சில கோடுகள்தாம். 2020இல் வெளியான பதிப்பு, மேலிருந்து எடுத்த படங்களையும் நிலத்தின் உயர அளவுகளையும் கொண்டு பூமி முழுவதையும் ஒப்பேற்றிவிட்டது. மதுரைக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம் கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஓடுபாதையிலிருந்து ஒரு சிறிய செஸ்னா விமானத்தை மேற்கு நோக்கிக் கிளப்பினால், வலப்புறம் திருப்பரங்குன்றம், அதற்கு அப்பால் நாகமலை, வடகிழக்கே திரும்பினால் ஆனைமலை, நடுவே வைகையின் மணல். இவ்வளவும் இருக்கின்றன. கைக்கு வசப்பட்ட பின்பு கற்கிறவன் ஆட்டோபைலட்டை நாடுகிறான். திசைக்கு ஒரு திருகு, உயரத்துக்கு ஒரு திருகு, ஏறும் இறங்கும் வேகத்துக்கு இன்னொன்று. எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினால் கையை எடுத்துக்கொள்ளலாம்.

கையை எடுத்துக்கொள்வதுதான் இதன் சரித்திரத்திலும் முதல் காட்சி. 1914 ஜூனில், பாரிஸுக்கு அருகே ஸேன் நதியின் மேல், லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞன் தன் விமானத்தை கைராஸ்கோப்புகளிடம் விட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினான். அவனுடைய மெக்கானிக் சிறகின் மேல் நடந்து போனான்; விமானம் சாயவில்லை. கூட்டம் கைதட்டியது அந்த உயர்த்திய கைகளுக்காக. அந்நேரம் அவன் கண்கள் எதன் மீது இருந்தன என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கற்கிறவனுக்குக் கிடைக்கும் முதல் பாடம் பெரும்பாலும் இது. நிமிஷத்துக்கு 1000 அடி ஏறு என்று கட்டளை கொடுக்கிறான். அந்தச் சிறிய எஞ்சினுக்கு அவ்வளவு திராணி கிடையாது. ஆனால் இத்தகைய விமானங்களின் பழைய ஆட்டோபைலட்டுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சொன்ன விகிதத்தில் ஏறுவதற்காக மூக்கை உயர்த்துகிறது; வேகம் குறைகிறது; வேகம் குறைந்ததால் ஏற்றம் குறைகிறது; ஆகவே மூக்கை இன்னும் உயர்த்துகிறது. கடைசியில் சிறகுகள் தாங்கும் சக்தியை இழந்து விமானம் விழுகிறது. எந்த இடத்திலும் கட்டளை மீறப்படவில்லை. முழுமையான கீழ்ப்படிதலே விழுந்ததற்குக் காரணம்.

இரண்டாவது பாடம் இன்னும் அமைதியானது. உயரம் 4000 அடி, திசை 300 என்று வைத்துவிட்டு எழுந்து காப்பி குடிக்கப் போகலாம். விமானம் வடமேற்காக, வயல்களையும் கண்மாய்களையும் கடந்து, கோடு கிழித்தாற்போல் போகும். 20 நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆனதும் பெரியகுளத்துக்குப் பின்னால் எழும் கொடைக்கானல் மலைச் சரிவில் மோதும். மலையின் மேற்பரப்பு 6500 அடிக்கும் மேலே. கட்டளை பிழையானதல்ல, சமவெளிக்கு அது சரியாகவே பொருந்தியது. சமவெளி முடிந்துவிட்டது என்பதைக் கட்டளையால் தெரிந்துகொள்ள முடியாது.

இதைச் செய்தது யார்? நம் இலக்கணக்காரர்களுக்கு இந்தக் கேள்வியில் அக்கறை இருந்தது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்று பொருள்கள் சொன்னார்கள். கருத்தாவையும் இரண்டாகப் பிரித்தார்கள். அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனால் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. உளியால் செதுக்கப்பட்டது என்றால் உளி கருவி. ஆட்டோபைலட் இவற்றில் எது?

கருவி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் உளி, கை நின்றால் நின்றுவிடும். இது நிற்பதில்லை. கட்டளை கொடுத்தவன் எழுந்துபோன பின்னும் கட்டளையை வைத்துக்கொண்டு இயங்குகிறது. அப்படியானால் இயற்றுதற் கருத்தாவா? அதுவும் இல்லை. தச்சனுக்குக் கோயில் எதற்கு என்று தெரியும். சுவர் சாய்கிறது என்றால் வேலையை நிறுத்திவிட்டு அரசனிடம் ஆள் அனுப்புவான். ஆட்டோபைலட் கட்டளையை நினைவில் வைத்திருக்கிறது, கட்டளையின் காரணத்தை வைத்திருப்பதில்லை. கருவிக்கும் கருத்தாவுக்கும் இடையில் இப்படி ஒரு ஸ்தானம் இருக்கும் என்று இலக்கணம் எதிர்பார்த்திருக்கவில்லை.

இலக்கியம் ஓரளவு எதிர்பார்த்திருந்தது. அதுவும் மதுரையில் வைத்தே. சிலப்பதிகாரத்தில் பாண்டியன், ஊடியிருக்கும் தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், வழியில் வந்து வணங்கிய பொற்கொல்லனின் பேச்சைக் கேட்டு, காவலர்களுக்கு ஆணையிடுகிறான். ஆணை நிபந்தனையோடு கூடியது: தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று சிலம்பைக் கொண்டுவரவேண்டும். தர்க்கரீதியாக ஒழுங்கான ஆணை. அரசன் நகர்ந்துவிடுகிறான், ஆணை தானே நடந்து போகிறது. நிபந்தனையைச் சோதிக்கவேண்டிய இடத்தில் பொற்கொல்லன் நிற்கிறான்.

இங்கே கவனிக்கவேண்டியது காவலர்களின் தயக்கம். கோவலனைப் பார்த்ததும் இவன் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்று அவர்கள் தயங்குகிறார்கள். களவுத் தொழிலின் தந்திரங்களைப் பற்றிப் பொற்கொல்லன் ஒரு பிரசங்கமே செய்யவேண்டியிருக்கிறது. பிறகும், கல்வியற்ற, குடித்திருந்த ஒருவன்தான் வாளை வீசுகிறான். தயக்கமே கருத்தாவின் அடையாளம். தயங்கக்கூடியவன் இருந்தவரை கோவலனுக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. தயக்கத்தை அறவே நீக்கிவிட்ட காவலனைத்தான் நாம் இப்போது செய்து வைத்திருக்கிறோம். அவன் குடிப்பதில்லை, லஞ்சம் வாங்குவதில்லை, களைப்பதில்லை; ஆகவே சிறந்தவன் என்கிறோம். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அவனிடமிருந்து நீக்கப்பட்ட தயக்கம் எங்காவது போய்ச் சேரவேண்டும். அது ஏவினவனிடம் வந்து சேராவிட்டால் உலகத்தில் எங்குமே இல்லாமல் போகிறது.

இது கற்பனையான அச்சம் இல்லை. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320 ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே ஒரு கோல்ஃப் மைதானத்தில் தரை தட்டியது. இருந்தவர்கள் 146 பேர், இறந்தவர்கள் 92. விமானம் எஞ்சின்களை முழுதும் தணித்து வைத்தபடி இறங்குகிற முறையில் இருந்தது; உயரம் குறையக் குறைய ஒரு குரல் 400, 300, 200 என்று எண்ணிக்கொண்டுவந்தும் விமானிகள் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து வேண்டிய நேரத்தில் விசையைக் கூட்டவில்லை என்றது விசாரணை. இறங்கும் வேகத்துக்காக நினைத்த 700 என்ற எண், பக்கத்தில் இருந்த உயரத்துக்கான திருகில் வைக்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் ஊகம். பெங்களூரின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2900 அடி. 700 அடி உயரத்துக்குப் போ என்பது பூமிக்குள் போ என்பதாகும். அந்தக் கட்டளையில் உள்ள அபத்தம் இயந்திரத்துக்குத் தட்டுப்படாது.

இரண்டு வருஷம் கழித்து, 1992 ஜனவரி 20 அன்று, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தை நெருங்கிய இன்னொரு ஏ-320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். 3.3 டிகிரிச் சரிவில் இறங்கவேண்டியது, நிமிஷத்துக்கு 3300 அடி என்ற வேகத்தில் இறங்கியிருக்கவேண்டும் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். இரண்டுக்கும் திருகு ஒன்றே. எந்த முறையில் இருக்கிறது என்பதை வேறொரு பொத்தான் தீர்மானித்தது. சிறிய கண்ணாடியில் இரண்டும் 33 என்ற இலக்கங்களாகவே தெரிந்தன, ஒரு புள்ளி மட்டும் வித்தியாசம். பாண்டியன் வாயில் ஒரு சொல் தடுமாறியது என்று சமாதானம் சொல்லி வந்திருக்கிற மரபு ஒன்று நம்மிடம் உண்டு. ஒரு புள்ளியைப் பற்றிய இந்த விசாரணையும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். நம் பக்கத்து வண்டிக்காரன் இரவெல்லாம் தூங்கிக்கொண்டேதானே மதுரைச் சந்தைக்கு வந்து சேர்ந்தான்? அச்சுக்குக் கீழே லாந்தர் ஆட, மாடுகள் தாமாக நடக்கவில்லையா? நடந்தன. ஆனால் மாடு தன் உடம்போடு நடந்தது. பாலம் உடைந்திருந்தால் அது வண்டிக்காரனுக்காக நிற்காது, தனக்காக நிற்கும். ஆபத்து இருவருக்கும் பொதுவாக இருந்ததால் தூக்கம் அனுமதிக்கப்பட்டது. தன் உடம்பைப் பணயம் வைக்காத ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு அதே தூக்கத்தைத் தூங்குவது வேறு காரியம். விமானியும் பயணியும் இறப்பார்கள். ஆட்டோபைலட் என்று ஒன்று இறப்பதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வீட்டுச் சிமுலேட்டரில் யாருமே இறப்பதில்லை. பெரியகுளத்துச் சரிவில் மோதினால் திரை கறுக்கும். மறுபடி பெருங்குடியில் தொடங்கலாம். விளைவு இல்லாத இடத்தில் பொறுப்பு எப்படிச் சாத்தியம்? பயமற்ற ஒழுக்கம் வெறும் பாவனை இல்லையா?

பயம் அங்கே இல்லை என்பது சரி. ஆனால் பொறுப்பு பயத்தால் ஆனது என்று இந்தக் கேள்வி வைத்துக்கொண்டுவிடுகிறது. நிஜ விமானத்தின் நிஜ மணி நேரங்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பெரும் பகுதியில் ஒன்றுமே நடப்பதில்லை. பயம் அங்கேயும் இல்லை. எண்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன, வெளியே மேகம். கவனித்தல் என்பது பரீட்சிக்கப்படுவது இந்த ஒன்றும் நடக்காத நேரத்தில்தான். ஆபத்து வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் கவனிப்பான். ஆபத்து வராதபோது, வரும் என்பதற்கு அறிகுறி எதுவும் இல்லாதபோது, திரையின் மேல் ஓரத்தில் பச்சை எழுத்தில் இயந்திரம் இப்போது எந்த முறையில் இருக்கிறது என்று காட்டும் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் எதற்காகப் படிக்கிறான்? தண்டனை இல்லை, பாராட்டு இல்லை, பார்ப்பவன் இல்லை. ‘நான் ஏவியது இது; இது இன்னும் நான் நினைத்ததாகவே இருக்கிறதா’ என்ற ஒன்றைத் தவிர வேறு தூண்டுதல் கிடையாது. பொறுப்பை அதன் சுயரூபத்தில் பார்க்கவேண்டுமென்றால் இங்கே பார்க்கலாம். வீட்டில் அதைப் பழகாதவன் பயத்தை மட்டும் நம்பியே வெளியே போகிறான்.

பயத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல், ரியோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிப்படிகத்தால் அடைபட்டன. நம்பத்தகுந்த வேகம் தெரியாததால் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. நடு இரவில், புயல் மேகத்தில், விமானம் திடீரென்று மனிதர்கள் கைக்கு வந்தது. நாலரை நிமிஷத்துக்குள் அது கடலில் விழுந்தது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒப்படைத்த பொருள் என்றாவது திரும்பி வரும். வரும்போது முன்னறிவிப்போடு வராது. கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது பாண்டியனுக்குத் திரும்பி வந்ததும் அதே ஆணைதான். சிலம்பு உடைந்து, முத்து இருக்கவேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்த பிறகு, அவன் காவலனைச் சொல்லவில்லை, பொற்கொல்லனைக்கூடச் சாக்குச் சொல்லவில்லை. கள்வன் தானே என்று ஏற்றுக்கொண்டு விழுந்தான். ஏவுதற் கருத்தாவும் கருத்தாதான் என்ற இலக்கண விதியை அவன் உயிரைக் கொடுத்து ஒப்புக்கொண்டான். நமது விசாரணை அறிக்கைகளில் அந்த ஒப்புதலுக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது. திருகின் அமைப்பு, எழுத்தின் அளவு, பயிற்சியின் போதாமை: எல்லாம் உண்மையான காரணங்கள், சரிசெய்யப்படவேண்டியவை, சில சரிசெய்யப்பட்டும் இருக்கின்றன. ஆனால் காரணங்களின் ஜாபிதா எவ்வளவு நீண்டாலும் கருத்தா என்ற இடம் அதனால் நிரம்பிவிடுவதில்லை.

இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு விமானம் தூரத்து விஷயமாகப் படலாம். அவ்வளவு தூரமில்லை. ஒரு கவிஞன் தன் நடையைக் கண்டுகொண்ட சில வருஷங்களில் அந்த நடை தானாகவே எழுதத் தொடங்கிவிடுகிறது. படிமம் வரவேண்டிய இடத்தில் படிமம் வருகிறது. வரி உடையவேண்டிய இடத்தில் உடைகிறது. உயரமும் திசையும் மாறாமல் தொகுப்புக்குப் பின் தொகுப்பு போய்க்கொண்டிருக்கிறது. சமவெளி உள்ளவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. விமர்சகனுக்கும் இதே கதிதான்; அவனுடைய அளவுகோல் அவனில்லாமலேயே அளந்துவிடுகிறது. கையை எடுத்தது குற்றமில்லை. எப்போதும் கையால் பிடித்தே எழுதவேண்டும், ஓட்டவேண்டும் என்பது வீம்பு. அது களைப்பில் முடியும், களைப்பும் கொல்லும். எடுத்த பின் என்ன என்பதே கேள்வி.

அந்த இலக்கணத்துக்கே திரும்பிப் போனால் ஒரு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். கருவி, கருத்தா என்ற இரண்டோடு மூன்றாம் வேற்றுமை நின்றுவிடவில்லை. உடனிகழ்ச்சி என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆல் என்ற உருபுக்குப் பக்கத்திலேயே ஓடு என்ற உருபை வைத்தார்கள். ஆட்டோபைலட்டால் பறக்கிறேன் என்று நினைக்கிறவரை, அது கருவியா, ஆளா என்ற வழக்கு தீராது. இரண்டில் எதுவானாலும் நான் எழுந்து போகலாம் என்றாகிவிடும். ஆட்டோபைலட்டோடு பறக்கிறேன் என்பது வேறு. அங்கே இரண்டு பேர் ஒரே வேலையில் ஒரே காலத்தில் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கை, மற்றவனுக்குக் காரணம். கற்கிறவன் கடைசியாகக் கற்கவேண்டியது எந்தப் பொத்தானையும் அல்ல, இந்த உருபு மாற்றத்தை. அதைக் கற்றவன் காப்பி குடிக்கப் போகாமல் இருப்பான் என்பதில்லை. போகும் முன் மலை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, உயரத்தை மாற்றி வைத்துவிட்டு, வரவேண்டிய நேரத்துக்குள் திரும்பி வந்துவிடுவான்.