கல்லில் எழுதிய கோடு

சினம் தீது என்பதை நமக்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் நான்கினுள் அதனையே முதற்கண் வைத்து எண்ணுகிறோம். நாலடியார் சினமின்மைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. தசலக்ஷண பருவத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது. இவையனைத்தையும் அறிந்திருந்தும் சினத்தை நம்மால் விட இயலாதது ஏன்? இவ்வினாவிற்கு எனக்கு விடை காட்டியவர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி என்பதை நம் குடும்பத்தார் முன் கூற நான் தயங்கவில்லை.

1992-இல் பாகப்பிரிவினையின்போது என் தமையனார் கூறிய ஒரு சொல் என்னைத் தைத்தது. அன்றுதொட்டு ஏழாண்டுகள் அவரோடு நான் பேசவில்லை. ஆண்டுதோறும் பருவம் முடிந்ததும் உற்றார் அனைவரிடமும் கை கூப்பிப் பிழை பொறுக்க வேண்டுவேன். அவர் வீட்டு வாயிலை மட்டும் மிதியேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொறையுடைமையைப் பாடமாக நடத்திவிட்டு, வீடு திரும்பி அந்த ஒரு சொல்லையே அசைபோட்டுக் கொண்டிருப்பேன்.

1999-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ஒரிசாவின் மனோகர்ப்பூர் என்னும் சிற்றூரில் கொடுஞ்செயல் ஒன்று நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1965-இல் வந்து பாரிபதாவில் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்து வந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும், பத்து வயதும் ஆறு வயதுமான அவருடைய புதல்வர் இருவரும், வண்டியில் உறங்கிக் கொண்டிருந்தபோது ஒரு கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். உடனே தாய்நாடு திரும்பாமல் பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2003-இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை வழங்கப்பட்டபோது, மன்னிப்பு வேறு, குற்றத்திற்குரிய விளைவு வேறு, இரண்டையும் கலக்கலாகாது என்று தெளிவாகக் கூறினார். 2005-இல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அச்செய்தி வந்த நாள்களில், உடன் பணியாற்றிய கிறிஸ்தவ ஆசிரியை ஒருவரிடம், "இஃது எவ்வாறு இயலும் அக்கா?" என்று கேட்டேன். அவர், "பழிவாங்கும் உரிமை கர்த்தருடையது, நம்முடையதன்று. சிலுவையில் தொங்கியபோதும் இயேசு தம்மைக் கொல்வோர்க்காகத்தானே வேண்டினார்? எனக்கும் சினம் வரும் அம்மா. எவர் மீது வருகிறதோ அவர் பெயரைச் சொல்லியே இரவில் ஜெபிப்பேன். முதலில் நாக்கு எழாது. சில நாள் சென்றால், வேண்டுகின்ற வாயாலேயே வைய மனம் கூசும்" என்றார்.

நம் கொள்கை வேறு. தண்டிக்கும் இறைவன் ஒருவன் உளன் என்று நாம் கொள்வதில்லை. அவரவர் வினை அவரவர்க்குப் பயன் தரும் என்பதே நம் துணிபு. எனினும் எண்ணிப் பாருங்கள்: நீதிபதியின் இருக்கை எனக்கு உரியதன்று என்பதில் இவ்விரு நெறிகளும் ஒன்றுபடுகின்றன. என் தமையனாரின் வினைக்குப் பயன் அளிக்கும் பொறுப்பை என் தலைமேல் சுமக்க எனக்கு யார் ஆணை தந்தார்? நான் ஈட்டியதெல்லாம் என் சினத்தால் வந்த புதுவினையே அன்றோ?

சினத்தை நம் ஆசிரியர்கள் நால்வகைப்படுத்தினர். நீரில் கீறிய கோடு உடனே மறையும். மணலில் கீறியது சின்னாளில் மறையும். நிலத்தில் கீறியது மெல்லவே மறையும். கல்லில் கீறியதோ எளிதில் மறையாது. ஆறு திங்களையும் கடந்து நிற்கும் சினம் இக்கடைசி வகையைச் சாரும். அடங்கிய சினத்தை, தேற்றாங்கொட்டையால் தெளிந்த நீருக்கும் ஒப்பிட்டனர். மேலே தெளிவு, அடியிலோ சேறு. என் ஏழாண்டு மௌனத்தைப் பொறுமை என்றே நான் எண்ணியிருந்தேன். அது அடியில் தங்கிய சேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

சாமாயிகத்தில் எல்லா உயிர்களிடத்தும் நட்பு வேண்டும் என்று நாள்தோறும் பாவிக்கிறோம். எல்லா உயிர்களையும் பொறுப்பது எளிது. பெயர் அறிந்த ஓர் உயிரைப் பொறுப்பதே அரிது. அன்றிரவு முதல் என் பாவனையில் தமையனாரின் பெயரைச் சேர்த்தேன். அவ்வாசிரியை கூறியவாறே முதலில் நாக்கு எழவில்லை. மூன்று திங்கள் கழிந்து, பாலக்கோட்டிலிருந்து பேருந்து ஏறி அவர் இல்லம் சென்றேன். கதவைத் திறந்தவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டாயா?" என்றார். அந்தச் சொல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பார்சுவநாதப் பெருமான், இடர் இழைத்த கமடனிடத்தும் காத்து நின்ற தரணேந்திரனிடத்தும் ஒத்த நோக்குடையவராய் நின்றார் என்று படிக்கிறோம். அந்நிலை எனக்கு வாய்க்கவில்லை. எழுபதைக் கடந்தும் சினம் வருகிறது. ஆயினும் இன்று அது பெரும்பாலும் மணலில் கீறிய கோடாகவே நிற்கிறது. பிறர் விளக்கில் நம் திரியை ஏற்றிக்கொள்வதால் நம் நெறிக்குக் குறைவு நேராது. அநேகாந்தம் கற்ற நமக்கு அது பொருந்துவதே. இவ்வாண்டு க்ஷமை வேண்டும் நாளில், நீங்கள் செல்லாத வீடு எது என்று மட்டும் ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.