திருந்துபவனுக்கு ஒரு வாசல்

ஹைதராபாதை அடுத்த போலாரத்தில் 'ராஷ்டிரபதி நிலையம்' அமைந்துள்ளது. குடியரசுத் தலைவர் தெற்கே வரும்போது தங்கும் இல்லம் அது. மரண தண்டனை பெற்றவனுக்கும் கருணை காட்டும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 72-ஆவது பிரிவு அவருக்கு அளித்திருக்கிறது. அந்த இல்லத்தை நினைக்கும்போது உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: குற்றமே வாழ்க்கையாகிப்போன ஒருவன் உண்மையிலேயே திருந்துவானா?

வழிப்பறி செய்த வேடன் வால்மீகி முனிவரான கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் சிறையிலிருந்து ஒருவன் நம் தெருவுக்குத் திரும்பினால் கதவைத் தாழிட்டுக்கொள்கிறோம்.

குற்ற வாழ்க்கை ஒரே நாளில் உருவாவதில்லை. இளமையில் ஒரு தவறு, அதனால் அவப்பெயர், அவப்பெயரால் வேலை இல்லை, வேலை இல்லாதவனை வரவேற்பதோ பழைய கூட்டம் மட்டுமே. செயல் பழக்கமாகி, பழக்கம் சம்ஸ்காரமாக வேரூன்றுகிறது.

அந்த வேர் அசைக்க முடியாததா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 சிறுவர்களை க்ளூக் தம்பதியர் ஆராய்ந்தனர். பிற்காலத்தில் லாப், சாம்ப்சன் என்ற இரு அறிஞர்கள் அவர்களது வாழ்க்கையை எழுபது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் குற்றத்தைக் கைவிட்டிருந்தனர். நிலையான வேலையும் நல்ல இல்லறமும் பலருக்குத் திருப்புமுனையாயின.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1960-இல் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர் இருபது பேர் வினோபா பாவேயிடம் சரணடைந்தனர். 1971-இல் மாதோ சிங் தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஜெயப்பிரகாஷ் நாராயணனைத் தேடிச் சென்றார். 1972 ஏப்ரலில் அவரும் மோஹர் சிங்கும் ஜௌராவில் ஆயுதங்களைக் காந்தியடிகளின் படத்தின் முன் வைத்தனர். தூக்குத் தண்டனை இராது என்ற உறுதி கிடைத்தது, சிறைவாசம் நீங்கவில்லை. அதை அனுபவித்தபின் இருவரும் ஊர் வாழ்க்கைக்குத் திரும்பினர்.

அவர்களால் உறவை இழந்தவர்களின் கண்ணீருக்கு இது ஈடாகுமா? ஆகாது. கருணை கடனை அழிப்பதில்லை. கடனைத் தீர்க்க வழிவிடுகிறது. மனம் மாற வேண்டியது குற்றவாளியின் கடமை. மாறியவன் மீண்டும் வழுக்கி விழாமல் நிற்க இடம் தருவது நம் கடமை. கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் பரிசீலிக்கட்டும். வேலை கேட்டு நம் வாசலில் நிற்பவனுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.