உனக்குச் சொன்னவர் யார்?

தான் இட்டுக்கட்டாத ஒரு பொய்யை, வந்தது வந்தபடியே பிறருக்கு அனுப்பிவைத்த பிள்ளை குற்றவாளியா? கைபேசி புழங்கும் நம் இல்லங்களில் இன்று எழுந்துள்ள வினா இது. “நான் எழுதவில்லையே அத்தா, வந்ததைத்தானே அனுப்பினேன்!” என்று பிள்ளை சொல்லும் சமாதானத்தை நாம் ஏற்கிறோமா, மறுக்கிறோமா என்பதைப் பொறுத்தே அவனுக்கு நாம் கற்பிக்கும் ஒழுக்கம் அமையும்.

கைபேசியையே விலக்கிவிடுவது நம் பகுதியில் நடவாத காரியம். ராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில், கடல் கடந்து பொருளீட்டும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் பலர் காண்பது அதன் வழியேதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர் பாடமும் அதன் வழியே வந்தது. ஆகவே, அதைக் கையாளும் நெறியைக் கற்பிப்பதே நம் கடமை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. உறவினருடன் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அவ்வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் தம்மைக் கொலைக்கு உடந்தை என எண்ணியிருப்பர்? அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் வரம்பு அறிவித்தது. வரம்பு வேகத்தைக் குறைக்கலாம். மனச்சான்றை அது தந்துவிடாது.

காவிரிக் கரையினருக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்கால் எட்டாத வயலுக்கு மேல்வயலின் வழியே நீர் பாய்கிறது. எண்ணெய் மிதந்துவரும் நீருக்கு மடையைத் திறந்துவிட்ட மேல்வயல்காரர், “எண்ணெயை நான் ஊற்றவில்லை” என்றால் கீழ்வயல்காரர் ஒப்புவாரா? ஊற்றியவர் வேறொருவராக இருக்கலாம். மடையைத் திறந்தவர் இவரே அல்லவா?

இனி, நம் வினாவுக்கு மார்க்கம் தரும் விடை என்ன? பருவமடையாத சிறுவனின் ஏட்டில் பாவம் எழுதப்படுவதில்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எனினும், அச்சிறுவன் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அதற்கு ஈடு உண்டு என்பது ஃபிக்ஹுச் சட்டம். பாவம் இல்லை என்பதால் சேதம் இல்லையென்று ஆகிவிடாது. உடைந்தது பாண்டமாயின் விலை கொடுத்துவிடலாம். உடைந்தது ஒருவரின் மானமாயின், போனது ஓர் உயிராயின், எந்தப் பணத்தால் ஈடு செய்வது? ஈடு செய்ய இயலாத சேதத்தை முன்கூட்டியே தடுக்கும் பொறுப்பு வளர்ப்போரைச் சேர்கிறது.

தடுக்கும் வழியை நம் முன்னோர் வகுத்துள்ளனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு கிளம்பியபோது, அதைப் புனைந்தவர்களை மட்டுமன்றி, நாவிலிருந்து நாவுக்குக் கடத்தியவர்களையும் அந்நூர் அத்தியாயம் கண்டித்தது. ஹுஜுராத் அத்தியாயமோ, வந்த செய்தியை விசாரித்துத் தெளியுமாறு பணிக்கிறது. இவ்வழி நின்ற ஹதீஸ் கலை அறிஞர்கள், “உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?” எனத் தொடர் கேட்டனர், ஸனது அறுந்த செய்தியை ஒதுக்கினர். இவ்வினாவை ஏழு வயதுப் பிள்ளையும் கற்கலாம். அதனோடு இன்னொன்றையும் கற்கட்டும்: பிறருடைய படம் நம் கைக்கு வந்தால் அது அமானிதம், உரியவர் இசைவின்றி அதை அனுப்புவது மோசடி.

ஆனால், பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் விரலையே கவனிக்கின்றனர். 2020இல் டெல்லி தப்லீக் மாநாட்டைச் சுட்டி, முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோய் பரப்புவதாகப் பொய்ப் படங்கள் உலவியபோது நாம் துடித்தோம். அம்மாநாட்டிற்கு வந்திருந்த வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டனர் என அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு கூறியபோது ஆறுதலடைந்தோம். அதே நாம், பத்துப் பேருக்கு அனுப்பினால் பரக்கத் உண்டு என்று வரும் ஸனதில்லாத ‘ஹதீஸை’ விசாரிக்காமல் அனுப்புகிறோமே! நமக்கு இழைக்கப்பட்ட பொய்க்கு ஒரு தராசு, நமக்கு இனிக்கும் பொய்க்கு வேறொரு தராசா?

பொறுப்பைக் கற்பிக்கும்போது அச்சத்தை ஊட்டிவிடவும் கூடாது. தன் படத்தை எவருக்கோ அனுப்பிவிட்டு, அதை வைத்து மிரட்டப்படும் பிள்ளை, ஏச்சுக்கு அஞ்சி வாய் திறவாதிருப்பதே மிரட்டுபவனுக்குப் பலம். “எது நடந்திருந்தாலும் முதலில் எங்களிடம் சொல்” என்ற உறுதியைப் பெற்றோர் முன்னரே அளித்திருக்க வேண்டும். சிறார் உதவிக்கு 1098, இணையப் பணமோசடிக்கு 1930 என்னும் எண்கள் வீட்டிலுள்ளோர் அறிந்திருக்க வேண்டியவை. பிள்ளைக்குத் தெரியாமல் அவன் கைபேசியைத் துழாவுவதைவிட, அவன் அறியவே அருகிலமர்ந்து பார்ப்பது மேல். துருவி ஆராய்வதை விலக்கியுள்ள அதே ஹுஜுராத் அத்தியாயம் நமக்கும் உரியதன்றோ!

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் பிள்ளையைக் காவல் காக்கலாம். அவன் தனித்திருக்கும் நேரத்திற்கு, அல்லாஹ் பார்க்கிறான் என்னும் உணர்வே காவல். அவ்வுணர்வும், “சொன்னவர் யார்?” என்னும் வினாவும் ஒருசேர வாய்த்த விரல், அனுப்பும் முன் ஒரு கணம் தயங்கும். அத்தயக்கம் முதலில் நம் விரல்களுக்கு வாய்க்கட்டும்.