நோயுற்ற கோழியும் வியாபாரியின் அமானத்தும்

 

அன்புச் சகோதரர்களே! நம்மவரில் சிலர், பட்டணத்தில் கடை வைத்திருந்தாலும், வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பதை விட்டபாடில்லை. நல்ல பழக்கந்தான். ஆனால் ஒருநாள் காலையில் அவற்றில் ஒன்று இறகைத் தொங்கவிட்டு, பச்சையாய்க் கழிந்து, மூச்சுத் திணறி நிற்கிறது. மறுநாள் இன்னொன்றின் கழுத்து முறுக்கிக் கொள்கிறது. அப்பொழுது நம் மனத்தில் எழும் முதல் எண்ணம் யாது? மீதியும் சாகுமுன் காசாக்கி விடுவோம் என்பதன்றோ! அந்த எண்ணத்தைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றும், இங்கே மலாய்க்காரர் சம்பார் ஆயாம் என்றும் சொல்வது இந்த நோயைத்தான். 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டதால், வைத்தியர்கள் இதை நியூகாசில் நோய் என்பர். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் இது புகுந்தால், சில நாட்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விடும். எச்சத்திலும் சளியிலும் உள்ள வைரஸ் கூண்டு, முட்டைத் தட்டு, தீவனச் சாக்கு, செருப்பு ஆகியவற்றில் ஒட்டிச் செல்லும். கோழி போகாத தூரத்துக்கும் வியாபாரியின் செருப்பு போகுமல்லவா? மேலும், நோய் தொற்றியபின் அடையாளம் தெரியப் பல நாட்கள் ஆகலாம். ஆகவே சாவு விழுந்த கூட்டத்தில் நன்றாய்த் தோன்றும் கோழியும் நல்ல கோழி என்பதற்கு உறுதியில்லை.

நோயுற்ற ஒட்டகத்தை உடையவர், நலமான ஒட்டகத்தை உடையவரிடம் அதைக் கொண்டுவரலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒட்டகத்துக்குச் சொன்னது கோழிக்கும் பொருந்தும். ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, வாங்குவோர் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளியிட்டால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். வியாபாரம் செய்து பிழைக்கும் நமக்கு இதைவிட அச்சமூட்டும் வார்த்தை வேறென்ன வேண்டும்?

சிலர் சமாதானம் தேடுவர். எல்லாம் கத்ர், நோய் தானாகத் தொற்றாது என்றும் ஹதீஸ் இருக்கிறதே என்பர். மெய்தான், அல்லாஹ்வின் நாட்டமின்றி எதுவும் தானாகத் தீண்டாது என்பதே அதன் கருத்து. ஆனால் நோயுற்றதை நலமானதோடு சேர்க்காதே என்றதும் அதே திருவாய்தானே! ஹிஜ்ரி 18-இல் (கி.பி. 639) ஷாம் நாட்டைச் சூறையாடிய அம்வாஸ் கொள்ளைநோயின்போது கலீபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்க, ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ருக்கே செல்கிறோம் என்றார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசும்புல், மறுபக்கம் வறண்ட தரை. ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ரே என்று உதாரணமும் காட்டினார்கள். பின்னர் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகாதீர், அவ்வூரில் இருந்தால் வெளியேறி ஓடாதீர் என்ற நபிமொழியைக் கூறினார்கள். அவர்களும் பெரிய வியாபாரியே என்பதை நாம் மறக்கலாகாது.

வேறு சிலரோ, சாகுமுன் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் ஹலால்தானே என்பர். அறுத்துவிட்டதால் மறைத்த குற்றம் நீங்கிவிடுமா? நோய்க்கோழியை ஏழைக்கோ, பள்ளிவாசல் கந்தூரிக்கோ கொடுத்து நன்மை தேடுவது அதனினும் கேடு. நாமே கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத மட்டமான பொருளைத் தர்மமாய்க் கொடுக்க எண்ணாதீர் என்று குர்ஆன் தடுக்கிறது.

இது பத்துக் கோழியோடு நிற்கும் சங்கதியுமன்று. 2004 ஆகஸ்டில் கிளந்தான் கம்பத்துக் கோழிகளிடையே எச்5என்1 பறவைக் காய்ச்சல் தோன்றியது. உடனே சிங்கப்பூர் மலேசியக் கோழி இறக்குமதியை நிறுத்தி வைத்தது. சில கொல்லைகளில் தோன்றிய நோய், எங்கோ இருந்த வியாபாரிகளின் பிழைப்பையும் தொட்டது. 2017-இலும் அதே மாநிலத்தில் அந்நோய் மீண்டும் வந்தது. வெள்ளைக்கழிச்சல் மனிதருக்குப் பெரும்பாலும் கண்சிவப்போடு போகும். பறவைக் காய்ச்சலோ உயிரையே வாங்கக் கூடியது. எந்த நோயென்று வெறுங் கண்ணால் நிச்சயிக்க இயலாது. எனவே நோய்க்கோழியை அறுக்கத் துணிவது நம் வீட்டாருக்கே ஆபத்து.

ஆதலால் செய்யவேண்டியது இதுவே: கோழி சாகத் தொடங்கினால் விற்பதையும், கொடுப்பதையும், அண்டை வீட்டுக்கு அனுப்புவதையும் உடனே நிறுத்துக. கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தெரிவித்து அவர்கள் சொற்படி நடக்க. செத்ததை ஆற்றிலும் சாக்கடையிலும் எறியாமல், அவர்கள் சொல்லும் முறைப்படி ஆழப் புதைக்க. கையைச் சவர்க்காரத்தால் கழுவுக. கொல்லைச் செருப்போடு கடைக்குப் போகற்க. புதிதாய் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு விடுக.

தடுப்பு மருந்தை நோய் வருமுன்னரே போடுக. வந்தபின் இதைத் தீர்க்கும் மருந்து கிடையாது. கம்பத்துக் கோழிகளுக்காகவே, வெப்பம் தாங்கித் தீவனத்தில் கலந்து கொடுக்கத்தக்க தடுப்பு மருந்தை மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தார் 1980-களில் ஆராய்ந்து உருவாக்கினர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது?

சகோதரர்களே! கோழி போனால் நஷ்டம் சில வெள்ளிகள். காலில் தைத்த முள்ளுக்கும் முஸ்லிமின் பாவம் கழியும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பொறுமையோடு ஏற்ற நஷ்டமா வீணாகும்? ஆனால் மறைத்து விற்றதனால் அடுத்த வீட்டு விதவையின் கோழிக்கூண்டு காலியானால், மறுமையில் அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதித் தீர்ப்போம்?

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளையும் வியாபாரத்தையும் வாயில்லாப் பிராணிகளையும் நோயினின்று காப்பாயாக! நஷ்டத்தில் பொறுமையையும், நாவில் உண்மையையும், ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.