மலையோடு பழியும் சேர்ந்து வருமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பத்தாயிரம் அடிக்கும் மேலே, பழைய சுரங்க நிலங்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. 1872 சுரங்கச் சட்டப்படி, தாதுப்பாறை நிலத்துக்கு ஏக்கருக்கு 5 டாலர் கட்டிப் பட்டா வாங்கினார்கள். யூட் பழங்குடியினர் 1873 ஒப்பந்தத்தில் இழந்த சான் ஹுவான் மலைகளிலும் இதே கதைதான்.

இப்போது வாங்குகிறவர் தேடுவது தனிமை. தப்பில்லை, நமக்கும் மலைன்னா சாமிதானே! ஆனால் கைவிட்ட சுரங்கத்திலிருந்து அமிலத் தண்ணீர் கசியும். 2015 ஆகஸ்டில் அங்குள்ள கோல்டு கிங் சுரங்கம் உடைத்துக்கொண்டு, சுமார் 30 லட்சம் கேலன் கழிவுநீர் பாய்ந்தது; அனிமாஸ் ஆறே மஞ்சளாகிப் போனது.

"நான் தோண்டலையே, நான் ஏன் சுத்தம் பண்ணணும்?" நியாயமான கேள்விதான். ஆனாலும் அமெரிக்காவின் 1980 சட்டம் இன்றைய உரிமையாளரையும் பொறுப்பாக்க இடம் தருகிறது. அது அநியாயம் என்று எனக்குத் தோணலை. எவனோ தோண்டியதால்தான் அந்த இடத்துக்குப் பட்டாவே வந்தது. இல்லாட்டி அது அரசு நிலமாகவே இருந்திருக்கும், விலைக்கே வந்திருக்காது. பட்டாவை எடுத்துக்கிட்டு, பள்ளத்தை மட்டும் வேணாம்னு சொல்லலாமா? கீழே அந்த ஆற்றை நம்பி விவசாயம் செய்கிறவர் எந்த மலையையும் வாங்கவில்லையே.