இறுதிப் படுக்கையும் வையாவிருத்தியமும்

அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை நம் ஆகமங்கள் வைத்துள்ளன. நோயுற்ற முனிவர்க்குச் செய்யும் பணிவிடையே அது. சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை, சல்லேகனை ஏற்ற முனிவரைச் சூழ்ந்து பணிபுரிய நிர்யாபகர் 48 பேரை விதிக்கிறது. சிலர் உடலைத் தாங்குவர். சிலர் அறம் உரைப்பர். சிலர் வாயில் காப்பர். அத்துணைப் பேர் கிட்டாவிடின் இருவரேனும் வேண்டும். மரணத்தை எதிர்நோக்குபவரைத் தனியே விடலாகாது என்பதே இதன் உட்பொருள்.

கூடலூரிலிருந்து கம்பம் வழியாக உத்தமபாளையம் செல்லும் அன்பர்கள், அங்குப் பாறையில் வரிசையாய் அமைந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அச்சணந்தி முனிவரின் பெயர் தாங்கிய வட்டெழுத்தையும் காணலாம். அம்முனிவர்கள் காலத்துச் சங்கம் இன்றில்லை. எனில், தீரா நோயுற்ற இல்லறத்தார்க்கு நிர்யாபகர் யாவர்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இல்லத்திலேயே வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சை அளிப்பதையும் தன் பணியாகக் கொண்டது. செவிலியர், இயன்முறை மருத்துவர், பெண் தன்னார்வலர் ஆகியோர் வீடு நாடி வருமாறு அது வகுக்கப்பட்டது. மலைக்கு அப்பால் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய இவ்வியக்கம் ஊர்மக்களையே பயிற்றித் தொண்டராக்கியது. 2008இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. புண்ணைத் துடைத்தல், படுக்கைப்புண் வாராது புரட்டிக் கிடத்தல், அவற்றை வீட்டாருக்குக் கற்பித்தல், அவர்தம் துயரைச் செவிமடுத்தல் ஆகியன இத்தகைய குழுக்களின் பணிகள்.

இங்கு ஓர் ஐயம் எழும். வலியைப் பொறுத்தல் வினையை உதிர்க்கும் அன்றோ? மருந்தால் அதனை அடக்குதல் முறையோ? பரீசகம் வெல்லுதல் முனிவர் தாமே மேற்கொண்ட நெறி. பிறர்மேல் அதனைச் சுமத்துதல் தவமாகாது, இம்சையே ஆகும். மேலும், வேதனையில் உழலும் மனம் ஆர்த்தத் தியானத்தில் வீழும் என்று தத்துவார்த்த சூத்திரமே கூறுகிறது. அளவறிந்து தரும் மார்பின், அறிவை மயக்காது வலியைத் தணித்து, பஞ்ச நமஸ்காரம் செவியில் நிற்க இடம் தரும்.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. சாதாரண மார்பின் மாத்திரை 4 மணிக்கு ஒருமுறை தரப்படுவது. இரவு உண்ணா விரதம் உடையவர் அதனை மறுக்கக்கூடும். அவரை வற்புறுத்துதலும் பிழை, வலியில் விட்டுவிடுதலும் பிழை. நாளுக்கு இருமுறை மட்டும் தரத்தக்க மாத்திரையும், தோலில் ஒட்டும் மருந்தும் உள்ளன. ஆதலின் விரதத்தை முதல் நாளிலேயே குழுவினரிடம் உரைத்தல் வீட்டார் கடமை. அதனைக் கேட்டறிதல் குழுவினர் கடமை.

இச்சிகிச்சை மரணத்தை விரைவுபடுத்துவதோ என அஞ்சுவாரும் உளர். அஞ்ச வேண்டுவதில்லை. இது மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை; தள்ளிப்போடுவதும் இல்லை. சல்லேகனையின் ஐந்து குற்றங்களுள் முதல் இரண்டு, வாழ விரும்புதலும் சாக விரும்புதலும் ஆகும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள நடுநிலையையே நம் ஆசாரியர்கள் போற்றினர். அந்நடுநிலையிலேதான் இச்சிகிச்சையும் நிற்கிறது.

ஆதலின் சிராவகப் பெருமக்களே, நம் தெருவில் எவரேனும் இறுதிப் படுக்கையில் இருப்பின், அவர் எம்மதத்தவராயினும், வாரம் ஒருமுறையேனும் சென்று அவர் வீட்டார்க்குச் சற்று ஓய்வு தருவோம். 48 பேர் இல்லாவிடினும், அந்த இருவருள் ஒருவராதல் நம்மால் இயலும்.